மாமியோடை கதையாத வழக்கம்

...இல்லைப் பிள்ளை, நான் புத்தகம் இரவல் எடுக்க வரேல்லை. உந்தப் புத்தகத்தைத் தட்டிலையிருந்து எடுத்துப்போடுங்கோ எண்டு சொல்லத்தான் குருநகரிலையிருந்து சைக்கிள் உழக்கி வந்தனான். கேளுங்கோவன். என்ரை மருமோன் மயூரதன், வட்டுக்கோட்டைப் பொடியன், தங்கமான பிள்ளை. எங்கடை மகள் லவீனாவைக் கட்ட முன்னம் எங்கடை பழக்கவழக்கம் படிப்பமெண்டு உங்கடை கம்பஸ் லைபிரரிக்கு வந்திருக்கிறார். அவரின்ரை ஆக்களைப் பற்றி மூண்டு அலுமாரி. கடலுக்குப் போற எங்களைப் பற்றி நாலே நாலு புத்தகம். அதையும் எங்கை வைச்சிருக்கிறியள்? மீன் நோய்ப் புத்தகத்துக்கும் கருவாடு போடுற புத்தகத்துக்கும் நடுவிலை. நாங்கள் என்ன, சூடை மீனோ? சரி, அதை விடுங்கோ...

உந்தப் புத்தகத்திலை கிடக்குதாம், கடலுக்குத் தொழிலுக்குப் போற நாளிலை குருநகர் மருமக்கள் மாமியோடை கதைக்கமாட்டினமாம். அவர் மரியாதையான பிள்ளையெல்லோ, அப்பிடியே பிடிச்சிட்டார். அவருக்குக் கடல் தொழில் இல்லாட்டிலும் நான் கிழமையிலை ஆறு நாள் கடலுக்குப் போறன், அந்த நாளெல்லாம் கணக்காம். அப்ப ஞாயிறு மட்டும் "சுகமோ மாமி" எண்டு ஒரு சொல்லு. என்ரை மனுசி மார்கிரட் நண்டுக்கறி வைச்சுக் குடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுறார். தான் என்ன குறை விட்டனோ எண்டு மனுசி குசினிக்கை இருந்து அழுகிறாள். அப்பிடியொரு வழக்கமே இல்லையெண்டு நான் சொன்னால், நாலு புத்தகத்திலையும் கிடக்கு மாமா எண்டுறார். மற்ற மூண்டு பேரும் உந்தப் புத்தகத்தைப் பாத்துத்தானே எழுதினவை, அறுவார்.

என்ன... எடுக்க ஏலாதோ? பிழையெண்டு எழுதித் தந்தால் உள்ளுக்கை ஒட்டி வைப்பியளோ? பிழையெண்டு எனக்கு எப்பிடித் தெரியுமெண்டோ...

கொஞ்சம் கிட்ட வாங்கோ. அதிலை மூத்த மீனவர் ஒருவர் கூறினார் எண்டு கிடக்கெல்லே, அது நான்தான். அப்ப எனக்கு முப்பத்தைஞ்சு வயசு, மூத்தவராக்கிப் போட்டுது உந்தப் புத்தகம் எழுத வந்த கம்பஸ் பிள்ளை. அது கேள்வி கேக்கக் கேக்க, மார்கிரட்டின்ரை தாய் பக்கத்திலை இருந்து என்னை ஒரு வசனம் முடிக்க விடேல்லை. நான் பிடிச்ச மீனுக்கு அவ பேர் சொல்லுறா. அதுதான், "பிள்ளை, தொழிலுக்குப் போற நாளிலை மாமியோடை கதைக்கிறது எங்களுக்கு வழக்கமில்லை" எண்டன். மாமி வாயை மூடினா. அந்தப் பிள்ளை கவனமா எழுதிக்கொண்டு போட்டுது.

பேரும் போடவேணுமோ? மார்கிரட் அறிஞ்சால், செத்த தாயைப் பற்றி... ஐயோ.

தாங்கோ பேனையை. அவள் ஏசினால் தாங்குவன், இப்பிடிக் குசினிக்கை இருந்து அழுதால் தாங்கேலாது.