நாற்பது லட்சம் பேர் பார்த்த குறட்டை

ஹிமேனா: ...அதுவாவது பரவாயில்லை. லிமாவுல ஒரு பொண்ணோட பிறந்தநாள் கேக் மேல என் கடல்சிங்கம். க்ரீம்லயே குறட்டை விடுது.

பெர்மின்: குறட்டையை எப்படி க்ரீம்ல காட்டுவாங்க?

ஹிமேனா: மூக்குல ஒரு பெரிய குமிழ்.

பெர்மின்: நாற்பது லட்சம் பேர் வீடியோவுல பார்த்த மூக்கு. சும்மாவா?

ஹிமேனா: மூக்கைப் பார்த்தாங்க. அவன் தூக்கத்தைப் பத்தி நான் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்தவங்க எத்தனை பேர் தெரியுமா?

பெர்மின்: சொல்லாதே. அழுதுடுவேன்.

ஹிமேனா: இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என் வேலையைப் பத்தி முடிவெடுக்க உட்கார்ந்திருக்கிற மூணு பேரும் அழ மாட்டாங்க. "டாக்டர் ஓயார்சூன், வேற ஆராய்ச்சிக்காரங்க யாராவது உங்க கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்காங்களா?"ன்னு கேப்பாங்க. நான் கேக்கைக் காட்டணும்.

பெர்மின்: காட்டு. வால்திவியா ஊரே உன் பக்கம். அவன் தூங்கற மீன் மார்க்கெட்லயே அவன் படம் போட்ட பை விக்கிறாங்க.

ஹிமேனா: பையெல்லாம் மேற்கோள் ஆகாதுடா. ஒரு மேற்கோளாவது இல்லேன்னா என் வேலையை நீட்டிக்கறதைப் பத்திப் பேசவே மாட்டாங்களாம். மார்ச்ல பெட்டியைக் கட்டணும்.

பெர்மின்: அதான்... ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

ஹிமேனா: என் பங்கு சோபாயிபியா பூரியையும் நீயே தின்னுட்டியா?

பெர்மின்: அது வேற. நான் உன்னை மேற்கோள் காட்டியிருக்கேன். என் மாட்டுக் கட்டுரையில.

ஹிமேனா: மாடா? நீ பறவைக்காரனாச்சே.

பெர்மின்: ஒரு தடவை மாடுன்னு வாயெடுத்தேன், நீ விழுந்து விழுந்து சிரிச்சே. அப்புறம் உன்கிட்ட மூச்சு விடலை. பால் கறக்கிற மெஷின் அந்தக் கத்து கத்தும்போதும் மாடு எப்படித் தூங்குதுன்னு எழுதினேன்.

ஹிமேனா: ...மெஷின் ஓடும்போதா?

பெர்மின்: ஆமா. மீன் வெட்டுற சத்தத்துல உன் ஆளு தூங்கறான், மெஷின் சத்தத்துல என் மாடு தூங்குது. பொருந்துதா இல்லையா?

ஹிமேனா: பொருந்துது... இப்போ யோசிச்சா பொருந்தற மாதிரிதான் இருக்கு.

பெர்மின்: அது என்ன இப்போ? சரி கேளு. பத்திரிகைல வழக்கம்போல, வெளியிடலாமான்னு பார்க்க ரெண்டு பேர்கிட்ட படிக்கக் கொடுத்தாங்க. எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, படிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. முதல் ஆள் தங்கம். அந்த ரெண்டாவது ஆள் இருக்கானே...

ஹிமேனா: ரொம்ப மோசமா?

பெர்மின்: உன் மேற்கோளை எடுத்துடச் சொல்லிட்டான்.

ஹிமேனா: உன் பங்கைச் சாப்பிடு, ஆறிடப் போகுது.

பெர்மின்: ஆறட்டும். ஜென்மத்துல சிரிச்சிருக்க மாட்டான் அந்த ஆளு. பெரிய மீசை வேற இருக்கும்.

ஹிமேனா: மீசையா?

பெர்மின்: மீசை, மூலம், ரெண்டும் இருக்கும்.

ஹிமேனா: பாவம்டா. வீடியோவைப் பார்த்துட்டு எவனோ கட்டுரையைப் படிக்காமலே செருகிட்டான்னு நினைச்சிருக்கலாம். நேர்மையான ஆளாக்கூட...

பெர்மின்: உன் சோத்துல மண்ணைப் போடப் பார்த்தவனுக்கு நீயே வக்காலத்தா?

ஹிமேனா: சும்மா சொன்னேன். அப்போ... எடுத்துட்டியா?

பெர்மின்: எடுப்பேனா? ஆசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். அந்தக் கட்டுரையை அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சவன் நான், அதுல இருக்கிற சத்த அளவு அட்டவணை இல்லாம என் கணக்கே நிக்காதுன்னு. மனுஷன் ஒத்துக்கிட்டார். இன்னிக்குக் காலையில வெளிவந்துடுச்சு. உனக்கு ஒரு மேற்கோள் இருக்கு, ஹிமேனா.

ஹிமேனா: ஐயோ... நாலு பக்கமா? எனக்காகவா?

பெர்மின்: அழறியா, சிரிக்கிறியா? ஒண்ணும் புரியலையே.

ஹிமேனா: ரெண்டும்தான். விடு. அடிக்குறிப்பெல்லாமா படிச்சே?

பெர்மின்: ரெண்டு தடவை. அந்த மீசைக்காரன் ஒரு தடவைகூடப் படிச்சிருக்க மாட்டான். படிச்சிருந்தா அதைப் போய் முட்டாள்தனம்னு எழுதுவானா?

ஹிமேனா: முட்டாள்தனம்னு எங்கே எழுதியிருந்தது? "வீடியோவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த மேற்கோள்"னுதானே இருந்தது?

பெர்மின்: ஆமா, அதே வரிதான். அதைப் படிச்சுட்டு அன்னிக்கு நான்... இரு இரு. அந்த வரியை நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?

ஹிமேனா: கதவைத் திறந்துட்டாங்க, என்னைத்தான் கூப்பிடறாங்க... என் கட்டுரையை என்னைத் தவிர இன்னொருத்தர் முழுசா படிப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கையே இல்லைடா, பெர்மின். அதான் அப்படி எழுதித் தொலைச்சேன்.