மூன்று மில்லிமீட்டர்

ஓய்வு பெற்றவன் வீட்டில் ஒரு சின்ன அரமாவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கதவு இடித்தால் தேய்க்கலாம். சாவி மக்கர் செய்தால் தேய்க்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு சும்மா தேய்க்கலாம், பொழுது ஓடிவிடும். ஆகவே என் மேஜை இழுப்பறையில் நீ அரத்தைப் பார்த்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, கண்ணு. பக்கத்தில் சுருதி பார்க்கும் இசைக்கவையும் இருந்ததுதான் கொஞ்சம் அசௌகரியம்.

“இது எப்போலேர்ந்து மாமா?” என்று கேட்டாய். சொல்கிறேன். உன் அம்மா உள்ளே படுத்திருக்கிறாள், மெதுவாகப் பேசுவோம்.

முப்பத்து நான்கு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். என்னைக் கண்டால் சந்தையில் தராசுகள் தாமாகவே நிமிர்ந்து நிற்கும். எடைக்கல்லின் அடியைக் குடைந்தவன், அளவுகோலை நறுக்கியவன் என்று ஊரில் பாதிப் பேரைப் பிடித்திருக்கிறேன். மீதிப் பாதிப் பேர் சொந்தக்காரர்களாகப் போய்விட்டார்கள். அந்த நாணயத்துக்காகத்தான் எங்கள் ஆறு பேர் பாட்டுக் குழுவில் சுருதி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பக்கவாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான். நானூறு வருஷப் பழைய பாட்டும் பாடுவோம், போன வாரம் எழுதி மை காயாத பாட்டும் பாடுவோம். குழுவில் ஒருவரான பல் டாக்டரின் கிளினிக் மாடியில் ஒத்திகை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான் கவையை முழங்காலில் தட்டி, காதோரம் வைத்து, ஒரு ஸ்வரத்தை முனகுவேன். மற்ற ஐந்து பேரும் அதிலிருந்துதான் தங்கள் ஸ்வரத்தை எடுத்துக்கொள்வார்கள். கவை சொன்னதே சட்டம். அதை யாரும் சோதித்ததில்லை. இன்ஸ்பெக்டரை யார் இன்ஸ்பெக்ட் செய்வார்கள்?

நான் அடிக்குரல். நான் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தால் கிளினிக்கில் அன்று கட்டிய பல்லெல்லாம் கழன்று விழும். உன் அம்மா மேல்குரல். ரயில் நிலையத்தில் அவள் அறிவிப்புச் செய்தால், புறப்பட்டுப் போன ரயில்கூட யோசித்துத் திரும்பி வரும்.

வயது ஏற ஏற ஆண் குரலின் அடி கரைந்துவிடுகிறது. அறுபத்தாறில் என் கடைசி ஸ்வரம் போயிற்று. குழுவை நடத்தும் கணக்கு டீச்சர் ஒரு நாள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

“சார், அந்தக் கடைசி ஸ்வரம் கேக்கவே இல்லையே. வெறும் காத்துதான் வருது.”

“டயர் பஞ்சர் போலிருக்கு,” என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த வருஷத்துக்கு வேற யாரையாவது பாக்கலாமா?”

உன் அம்மாதான் எழுந்தாள். “எங்கண்ணன் இல்லாம நான் மட்டும் இங்க நின்னு என்ன பண்ணப்போறேன்? என் பேரையும் சேத்து அடிச்சுடுங்க டீச்சர்.”

டீச்சர் எனக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தாள்.

சுருதியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால், என் குரல் போனதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கவையின் இரண்டு நுனிகளையும் சமமாகத் தேய்த்தால் சுருதி ஏறும். என்னுடைய ஸ்வரங்களும் எனக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். ஞாயிறுதோறும் நுனிக்குப் பத்து இழுப்பு, பிறகு உப்புத்தாள். வாரத்துக்கு ஒரு மயிரிழை. ஒருவர் காதுக்கும் உறைக்கவில்லை. என் கீழ் ஸ்வரம் திரும்பி வந்தது. டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “நம்ம பாட்டு இப்பல்லாம் பளபளன்னு இருக்கு,” என்றார் டாக்டர், பல்லைப் பற்றிச் சொல்வதுபோல.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் குரலின் அடி கரைந்துகொண்டே வந்தது, நானும் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றரை வருஷத்தில் மூன்று மில்லிமீட்டர். கவை நொடிக்கு 440 முறை அதிர வேண்டும். நீ தட்டிப் பார்த்தபோது உன் கைப்பேசி 470 காட்டியது. கைப்பேசியில் கோளாறு இல்லை.

நான் இறங்காமல் தப்பித்த அளவுக்கு உன் அம்மா ஏற வேண்டியிருந்தது. புதுப் பாட்டு ஒன்றில் அவள் ஒன்றரைப் பக்கம் உச்சியிலேயே நிற்க வேண்டும். போன வருஷம் எட்டிய இடம் இந்த வருஷம் எட்டவில்லையே என்று குழம்பினாள். வயசாயிடுச்சு போலிருக்கு என்றாள். வெந்நீர், ஆவி, மூச்சுப் பயிற்சி என்று எதையும் விடவில்லை. பயிற்சி போதாதோ என்னவோ என்று நான்தான் சொன்னேன். கைப்பேசிச் சுருதியை நம்பாதே என்று இந்தக் கவையையே கொடுத்தனுப்பினேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் இதை வைத்துத்தான் பாடினாள். ஒரு நாள் கைகழுவும் தொட்டியில் ரத்தம் துப்பியதாகச் சொன்னாள். பல் ஈறாக இருக்கும், டாக்டரிடம் காட்டு என்றேன்.

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, இன்னிக்கு மட்டும் அரை ஸ்வரம் இறக்கிக் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

“சரிம்மா,” என்றேன்.

மேடையில் எப்போதும்போலத் தட்டி எப்போதும்போலக் கொடுத்தேன். முதல் பக்கம் முடியும்போது என்னைப் பார்த்தாள். இறக்கிவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். நம்பினாள். அடுத்த பக்கத்தில் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. என் கீழ் ஸ்வரம் மட்டும் அன்று அற்புதமாக நின்றது. தூண் அதிர்ந்தது என்றே சொல்லலாம்.

தொண்டை டாக்டர் குரல்நாணில் ரத்தக்கட்டு என்றார், அப்புறம் தழும்பு என்றார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் அவளைத் தொலைந்த சாமான்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: ‘நீங்க இறக்கிக் குடுத்தும் என்னால முடியலையே அண்ணா. என் தொண்டைதான் என்னை ஏமாத்திடுச்சு.’

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீ முறைப்பது புரிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். குரல் போய், அறிவிப்பு வேலை போய், இன்று உன்னை விட்டால் அவளுக்கென்று மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவன்தான். தன் தொண்டையை மட்டும் நொந்துகொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். அந்த நிம்மதியையும் அவளிடமிருந்து பிடுங்க, நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரனா?