நனையாத லுங்கி

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். கைக்குழந்தை வைத்திருந்த இளையவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்:

“அக்கா, நேத்து எங்கூட்டுக்காரரு லுங்கி நனையவே இல்லீங்க!”

நாலைந்து தலைகள் திரும்பின.

“மெதுவா சொல்லு அம்மணி.”

“பாப்பாவுக்கு நானே தெச்ச துணி டயப்பருங்க. அவரு மடில வெச்சா அத்தனையும் ஒழுகிரும். தையல்தான் சரியில்லைன்னு பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சேன்.”

“அப்பறம்?”

“நம்ம தறில ஓடுன துணிங்க. பாவு நூலு அறுந்துராம இருக்கப் போட்ட கஞ்சி துணில அப்படியே இருந்தா எப்படிங்க ஈரத்த இழுக்கும்? சுடுதண்ணில நல்லா அலசிப்போட்டுத் தெச்சேன். ஒரு சொட்டு வரலீங்க!”

“தறி ஓட்டற மனுசன், இத சொல்லலியா?”

“எங்கீங்க! தெனமும் நனைஞ்சு எந்திரிச்சு, ‘எலாஸ்டிக்க இன்னும் இறுக்கித் தெய்யி’ன்னு எனக்கு யோசனை சொன்னாருங்க!”