வெயில் பட்ட குடுவையில் ஐம்பத்திரண்டு துளி

ஆய்வகத்தின் அச்சாணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், இயக்குநர் ஐயா அவர்களே! ஓய்வு பெற்றும் ஓயாமல் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திப் பொறுமையின் பொருளாய் வீற்றிருக்கும் தாய்மார்களே! கைதட்டிக் கைதட்டிக் கை சிவந்த துளி எண்ணுவோரே! குடுவை கழுவும் என்னை நன்றியுரைக்கு அழைத்தீர்கள். நன்றி கடைசியில் வரும். அதற்கு முன் ஒரு வழக்கு இருக்கிறது.

என்ன அண்ணே, சுருக்கமாகவா? எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரிடம் அதைச் சொல்லியிருக்கலாமே!

என் அக்காவைத் தெரியாதவர் இங்கே உண்டா? கண்ணாடிக் குழாயில் மருந்துக் கரைசல் சொட்டச் சொட்ட, பதினெட்டு ஆண்டுகளாக எண்ணுகிறவள். வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: குழாயில் ஊற்றுவது எப்போதும் ஒரே அளவுதான். மருந்து நீரின் மேற்பரப்பை எவ்வளவு தளர்த்துகிறதோ, அவ்வளவு சின்னதாய் விழும் துளி. அவ்வளவு கூடும் எண்ணிக்கை. தலைப்பிரசவ வலி வந்தபோதும், "கொஞ்சம் இருங்க, இன்னும் பதினோரு துளி இருக்கு" என்றவள் என் அக்கா!

அவளைத்தான் எண்ணத் தெரியாதவள் என்று வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். ஆணை ஐயாவின் சட்டைப்பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசிப்பாராம். என்ன குற்றம்? ஒரே மருந்து, காலையில் நாற்பத்தொன்று, மதியம் ஐம்பத்திரண்டு.

எந்த மருந்து? விழுங்கிவிட்டு வெயிலில் நடந்தால் தோலைத் தீய்க்குமே, அந்த மருந்து! வெளிச்சம் பட்டால் உள்ளுக்குள் உருமாறும். உருமாறினால் மேற்பரப்பை உலுக்கி இன்னும் தளர்த்தும். தோலை வதைப்பது துளியை மட்டும் விட்டுவைக்குமா? அதற்காகத்தானே அந்த அறைக்குக் கறுப்புத் திரை? மூன்று வாரமாக அந்தத் திரை எங்கே? சிரிக்காதீர்கள்! ஐயாவின் முதுகுக்குப் பின்னால், பஞ்சில் 'வருக வருக' என்று ஒட்டித் தொங்குகிறதே, அதுதான்! இந்த விழாவின் ஒத்திகைக்கு வேண்டும் என்று கழற்றச் சொன்னவர் யார்? நான் சொல்லமாட்டேன். நடு நாற்காலியில் இருக்கிறார்.

திரையைக் கழற்றிய அன்றே அக்கா போய்ச் சொன்னாள்: "ஐயா, ஜன்னல் வழியா வெயில் விழுது, துளி மாறுது." ஐயா சொன்னார்: "வெயில் என் மேலயும்தாம்மா விழுது. நான் மாறிட்டேனா?" கைதட்டுகிறீர்களா? அன்றைக்கும் தட்டினோம், வெட்கக்கேடு! நானும் தட்டினேன். நான்கு நாள் அவள் என் முகத்தில் முழிக்கவில்லை.

பேசி என்ன, பார்த்தே விடுவோம். இதோ இரண்டு குடுவை, ஒரே மருந்து. ஒன்று கறுப்புத் துணிக்குள் இருந்தது. மற்றொன்று காலையிலிருந்து இந்த மேசையில், வெயில் நேராக விழும் இடத்தில் இருந்தது. ஆமாம் ஐயா, தண்ணீர் என்று இரண்டு முறை எடுக்கப் போனீர்களே, நான் பாய்ந்து பிடுங்கினேனே, அதேதான்! இதோ குழாய், இரண்டிலிருந்தும் ஒரே அளவுதான் ஊற்றுவேன், ஐயாவே எண்ணட்டும். நம் வழக்கப்படி எல்லோரும் வாய்விட்டு எண்ணுவோம்!

துணிக்குள் இருந்தது... முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று! குழாயில் தீர்ந்தது. இப்போது வெயில் குடுவை... நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... ஐயா, ஏன் குரல் இறங்குகிறது? ... ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு!

என்ன ஐயா? "நான் தப்பா எண்ணிட்டேன் போலிருக்கு" என்கிறீர்களா? நல்லது! தவறாக எண்ணியவரை வீட்டுக்கு அனுப்பும் ஆணை தயாராகத்தானே இருக்கிறது? பெயரை மட்டும் மாற்றிவிடலாமா?

சொல்லுங்கள் ஐயா! எண்ணியவர் பிழையா? வெளிச்சத்தின் வேலையா? உரக்க! கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை! கேட்டீர்களா? "வெளிச்சம்தாம்ப்பா, ஆளை விடு" என்றார்! கிழிக்கிறார், ஆணையைக் கிழிக்கிறார்! அக்கா, எழுந்திரு! அழாதே அக்கா, சபைக்கு ஒரு வார்த்தை சொல்.

என்ன? "துணிக் குடுவையத் திறந்து போட்டுட்டுப் பேசிக்கிட்டே நிக்கிற, வெயில் படுது, மூடுடா மடையா!" என்கிறாள்.

மூடிவிட்டேன் அக்கா. கேட்ட செவிகளுக்கும், எண்ணிய வாய்களுக்கும், கிழித்த கைகளுக்கும் நன்றி கூறி, அனைவரையும் வணங்கி அமர்கிறேன்!