கிணற்றடி ஜெபம்

சார், முடிச்சூர் தண்ணீர் இனிப்புத் தண்ணீர். மேற்குத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வந்து மொண்டு போவார்கள். அதை நம்பித்தான் 1987இல் அங்கே மனை வாங்கி வீடு கட்டினேன். நீங்கள் கேட்டதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவன். உங்கள் ஏட்டையாவைவிட இந்த வேதசிரோமணியின் எழுத்தில் பிழை குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் கோபக்காரன் அல்ல. கோபக்காரனாக இருந்தேன், அது வேறு. 1984இல் குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு மத்தியானம் என் மனைவி ஞானஜோதியின் கை முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவளே சொன்னாள். நானும் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் பாஸ்டர் ஜீவரத்தினத்தின் ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர் எனக்கு ஒரு வழி சொன்னார்.

"கோவம் வந்தா அந்த நிமிஷமே முழங்கால் போட்ருங்க பிரதர். அது போற வரைக்கும் கையால எதையும் தொடாதீங்க."

ஏழு வருஷம் அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஆபீஸில், ரயில்வே பிளாட்பாரத்தில், ரேஷன் கடை வரிசையில்கூட. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒருவரையும் தொடவில்லை.

சம்பந்தம்தான் எனக்கு மனையை விற்றவன். பக்கத்து வீடு. எல்லையில் இருந்த கிணற்றில் எனக்குப் பாதி உரிமை, பத்திரத்திலேயே இருக்கிறது. விற்று முடித்த மறு வருஷமே பெரிய மோட்டார் போட்டு லாரிகளுக்குத் தண்ணீர் விற்க ஆரம்பித்தான். காலை எட்டு மணிக்கு என் வாளியில் சேறுதான் வரும். மரியாதையாகத்தான் போய்க் கேட்டேன்.

"இன்னா வேதக்காரரே, கெணறு இன்னா உங்க மாமியார் வூட்டு சீதனமா? புள்ளையா குட்டியா, ரெண்டு பேருக்கு ஒரு கொடம் பத்தாதா?"

எங்களுக்குக் குழந்தை இல்லை, சார். அது அவனுக்குத் தெரியும். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே மண்ணில் முழங்கால் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள். அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று எழுந்திருக்க. வேட்டியெல்லாம் சேறு.

போன வெள்ளிக்கிழமை சம்பந்தத்தை விட்டுவிட்டு அவன் வீட்டார் சிறுசேரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். மே மாதம், தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டாருக்கு இழுக்க முடியவில்லை. என்னவென்று பார்க்க அவன் கிணற்றுப் படிக்கல்லில் கால் வைத்து இறங்கியிருக்கிறான். கல் பெயர்ந்துவிட்டது. சத்தம் கேட்டு நானும் ஞானஜோதியும் ஓடினோம். இரண்டாள் ஆழம் தண்ணீர். ஒரு கால் முறிந்து, குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"சாரே, கயிறு போடு சாரே. காலு போச்சு."

அன்றுதான் அவன் வாயில் நான் சார் ஆனேன்.

தூர்வாருகிற தாம்புக்கயிறு என் வராந்தாவில் இருந்தது. எடுத்து வந்தேன், அதை மறைக்கவில்லை. கயிற்றைக் கையில் பிடித்து அவன் முகத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது. அவ்வளவு கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. பாஸ்டர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். நெஞ்சில் பகையை வைத்துக்கொண்டு கையால் நன்மை செய்வது மாய்மாலம் அல்லவா?

ஞானஜோதி கயிற்றை எடுக்கப் போனாள். அவளையும் என் பக்கத்தில் முழங்காலிட வைத்தேன். அவள் மணிக்கட்டில் கன்றியிருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறாராம். நான் அழுத்திப் பிடிக்கவில்லை, விடாமல் பிடித்தேன், அவ்வளவுதான். இன்னொரு கையால் அவள் வாயைப் பொத்தினேன். ஜெபத்தில் கூச்சல் இடைஞ்சல்.

ஒரு மணி நேரம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். ஜெபிக்கிறவன் கடிகாரம் பார்ப்பதில்லை. அவன் முதலில் சார் என்றான், பிறகு அண்ணா என்றான். "தண்ணி பூரா உனுக்கே அண்ணா, மோட்டார பேத்து எடுத்துர்றேன், என்னை மன்னிச்சுரு" என்றான். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் கோபம் போகவில்லையே, நான் என்ன செய்ய? உதட்டளவில் மன்னிப்பது எனக்குப் பிடிக்காது.

பிறகு நான்தான் ஊரைக் கூப்பிட்டேன். உடலைக் கட்டித் தூக்கியதும் என் கயிற்றில்தான். சிறுசேரியிலிருந்து ஓடி வந்த அவன் மனைவி கங்கையம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வழுக்கி விழுந்தவன் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். நான் எழுந்து, பல வருஷக் கசப்பை ஒரே பகலில் ஆண்டவர் எடுத்துப்போட்டார் என்றேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். உடனே பெண்கள் பக்கத்தில் ஞானஜோதி எழுந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், நான்கு பேர் நடுவில் அவள் வாய் திறந்ததில்லை.

"கெணத்துல அவர் உயிரோடதான் இருந்தார். இவர் கயித்தைக் கீழ வெச்சுட்டு என்னையும் எழுந்திருக்க விடல" என்றாள்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அவளுக்காக ஜெபிக்கத்தான் நான் அவள் பக்கம் போனேன். நாலு ஆம்பிளைகள் சேர்ந்து என்னைத் தரையில் அமுக்கியது தேவையில்லாத வேலை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை, சார். கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன், போனதும் தூக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். கிணற்றில் சத்தம் நின்றது. அந்த நொடியே கோபமும் போய்விட்டது. மனசு அப்படி லேசாகிவிட்டது, அவனை முழுமையாக மன்னித்துவிட்டேன்.