நைனாவின் கடைசிப் பக்கம்

காமிக்ஸ் என்றாலே எல்லோருக்கும் முகமூடி போட்ட வீரன்தான் நினைவுக்கு வருகிறான். நான் வரைவது அது இல்லை, சார். வீட்டில் நடப்பதைத்தான் வரைகிறேன். சோறு வேகும், ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

உட்கார்ந்திருப்பவர் என் அப்பா சின்னசாமி, எனக்கு நைனா. நகரியில் விசைத்தறி ஓட்டியவர். ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் திருச்சானூருக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். ஒருநாள் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, வரைந்தேன். என் நண்பன் யோகேஷ் அந்தப் பக்கங்களைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துப் பெங்களூரில் ஒரு காமிக்ஸ் விழாவில் வைத்தான். படித்தவர்கள் அங்கேயே நின்று அழுதார்களாம். என் வாழ்க்கையில் முதல் முறையாக முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைச் சொன்னார்கள்.

பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றினார். நைனா தேறினார். தானே குளித்தார். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவோடு தெலுங்கில் வம்பளந்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். புதுப் பக்கங்களைப் பார்த்த யோகேஷ், "நல்லாத்தான் கீது மோனிகா. ஆனா கதை நின்ன எடத்துலயே நின்னுக்கினு கீதே" என்றான். அவன் மேல் தப்பில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

மாத்திரையை நிறுத்தினேன். அந்த மாத்திரை அவர் தூக்கத்தைக் கெடுத்தது, அதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் பழைய நைனா திரும்பி வந்தார்.

"உங்கம்மா எங்கே பூட்டா?" என்று கேட்டார்.

அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. "வந்துக்கினு கீறா நைனா" என்றேன். அந்த முகத்தை வரைந்தேன். சாயங்காலம், "அம்மா செத்துப்போச்சே, தெரியாதா?" என்றேன். அதையும் வரைந்தேன். மறுநாள் அவர் மறுபடி கேட்டார், நானும் மறுபடி சொன்னேன். முதல் தடவை அழுகை பேனாவில் சரியாக வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கதவைத் திறந்துவைத்தேன். "அம்மா ஸ்டேஷன்ல எறங்கிட்டா. நீ போய் இட்டுக்கினு வா நைனா" என்றேன். அவர் தலை வாரிக்கொண்டார். நல்ல வெயில், செருப்பை நான்தான் மாட்டிவிட்டேன். பிறகு ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

ஸ்டேஷனில் அம்மா இல்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தண்டவாளத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். ரேணிகுண்டா பக்கமிருந்து வண்டி வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். நைனா கையை உயர்த்தி, பஸ்ஸை நிறுத்துவதுபோல ஆட்டினார்.

நாங்கள் போனதை வாசலிலிருந்து பார்த்திருந்த சந்திரம்மா, செய்தி கேட்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பின்னாடியேதானே போய்க்கினு இருந்தே? ஒரு கொரலு குடுத்திருந்தா நின்னிருப்பாரேடி."

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். நின்றிருப்பார், சார். எதை மறந்தாலும் என் குரலுக்கு அவர் திரும்பாமல் இருந்ததே இல்லை. திரும்பியிருந்தால் முகம் தெரிந்திருக்கும். முகம் என்னிடம் நிறையவே இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முதுகுதான் வேண்டியிருந்தது.