ஒன்பது ஆம்பியர் மோட்டர்

நீச்சல்குளத்துத் தண்ணீர் நீலமாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை மேடம். லேசாகப் பச்சை தட்டினால்தான் பராமரிப்பு ஆள் எங்கே என்று தேடுவார்கள். ஃபீனிக்ஸ் வெயிலில் பம்ப் ஒரு நாள் நின்றால் போதும், மறுநாளே பாசி வாடை வந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மோட்டலில் நான் அப்படி விட்டதே இல்லை.

மோட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று விசாரணையில் கேட்டீர்கள். தெரியும். தகட்டில் ஒன்பது ஆம்பியர் என்று அடித்திருக்கும். வயரை டாங் டெஸ்டரால் கவ்விப் பார்த்தால் எட்டே முக்கால், ஒன்பது காட்டும். பம்ப் வாயில் குப்பையை வடிகட்டும் கூடை அடைத்துக்கொண்டால் குறையும். பேரிங் இறுகினால் ஏறும். சுற்ற முடியாமல் நின்றேவிட்டால் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது பிரேக்கர் விழுந்து கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம்.

மே மாதம் கூடையில் முடி வர ஆரம்பித்தது. நரைத்த, பிசுபிசுத்த முடி. பிறகு வெட்டிப் போட்ட நகங்கள். ஒரு காலை சீழ் ஊறிய கட்டுத்துணி ஒன்று. தங்க வருகிறவர்களின் குழந்தைகள் செய்து வைப்பதையெல்லாம் முகம் சுளிக்காமல் வாரியிருக்கிறேன். இதை வாரியபின் மூன்று தடவை கை கழுவினேன்.

பாதி பூமிக்குள் இறங்கிய பம்ப் அறையில் அந்த ஆளைக் கண்டுபிடித்தேன். பெயர் எம்மெட் வாஸ்பர்க். இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, விடியுமுன் குளத்தில் இறங்கிக் கழுவிக்கொண்டு, பகல் வெயிலுக்கு அங்கே வந்து படுத்துவிடுவான். இடது பாதம் வீங்கி, தோல் உரிந்து, நடுவில் ஈரமாக இருந்தது. வெளியே போகச் சொன்னேன். சிரித்தான்.

“கோச்சுக்காதீங்க தலைவரே. வெளிய நூத்திப் பதினஞ்சு டிகிரி. உங்க மோட்டர் என் பொண்டாட்டி மாதிரியே குறட்டை விடுது. பழக்கமான சத்தம், தூக்கம் வருது.”

உரிமையாளர் மிஸஸ் பிருயிட்டிடம் சொன்னேன். “வெர்ன், பாவம் அவன், வெயில் தணியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். உனக்கென்ன வந்துச்சு?” என்றார். என் கையிலேயே அவனுக்குச் சாப்பாடும் கொடுத்தனுப்பினார். அவன் நக்கித் தின்ற தட்டைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் அவன் சொன்னான்: “தலைவரே, மோட்டர் அதிகமா இழுக்குது. முன்பக்க பேரிங் போச்சு. டூசான் ஊர்ல பதினாறு வருஷம் மோட்டர் காயில் கட்டினவன் நான், சத்தத்த வெச்சே சொல்லுவேன். மீட்டர் போட்டுப் பாருங்க, பதினாலு காட்டும்.”

போட்டுப் பார்த்தேன். பதினாலு காட்டியது. அந்தப் பாதத்தைத் தூக்கி என் சாப்பாட்டுத் தட்டில் வைத்தது போல இருந்தது.

அதன்பின் இழுப்பு இருபதையும் தாண்டி, தினம் இரண்டு தடவை பிரேக்கர் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் நொண்டிக்கொண்டு வெளியே வந்து, என்னமோ நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள் போல, “மறுபடி விழுந்துடுச்சு தலைவரே,” என்பான். “புது மோட்டர் கேளுங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் அம்மாகிட்ட சொல்றேன்.”

சொல்லியும்விட்டான். மிஸஸ் பிருயிட் வியந்துபோனார். புது மோட்டர் வியாழக்கிழமை வரும் என்றார். “வெர்ன், இவ்ளோ தெரிஞ்ச ஆளா இருக்கானே இவன். காலுக்கு வைத்தியம் பார்த்து உனக்குத் துணையா வெச்சுக்கலாமா? உனக்கும் வயசாகுதே,” என்றார். யோசிக்கலாம் என்றேன்.

புதன்கிழமை காலை அவன் ஆபீசில் காப்பி குடிக்கப் போயிருந்தான். இருபது ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு ஐம்பது போட்டேன். சூடு ஏறினால் தானாக நிறுத்திக்கொள்ளும் அமைப்பு ஒன்று மோட்டருக்குள் உண்டு. அதையும் வேலை செய்யாதபடி ஆக்கினேன். தண்ணீர் ஒரு நாள்கூடப் பச்சையாகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு அவன் தூங்கியபின் கதவுக்கு வெளியே தாழ் போட்டேன். சத்தம் தங்கியிருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது அல்லவா. வெளிச்சுவரில் இருக்கும் கரண்ட் பெட்டியைத் திறந்து, டாங் டெஸ்டரை வயரில் மாட்டி, நிறுத்தி வைத்திருந்த மோட்டரின் ஸ்விட்சைப் போட்டேன். பதினைந்து. பத்தொன்பது. சிறிது நேரம் இருபத்தாறிலேயே நின்றது. பிறகு உள்ளே மோட்டர் முனகியது. நாற்பத்தெட்டு. மோட்டர் இறுகிவிட்டது.

காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகினால் அழுகிய மீன் வாடை அடிக்கும். காற்றுச் சந்து வழியாகப் புகை வந்தது.

முதலில் அவன் பதறவில்லை. வேலை தெரிந்தவன் பேச்சு. “தலைவரே, கரண்ட நிறுத்துங்க. காயில் எரியுது.” பிறகு கதவைத் தட்டினான். “கதவு சிக்கிக்கிச்சு தலைவரே. நீங்க அங்கதான் நிக்கிறீங்க, சந்து வழியா உங்க பூட்ஸ் தெரியுது எனக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “வெர்ன்,” என்றான். என் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே காயில் அறுந்து அது பூஜ்யத்துக்கு வந்தபோது தட்டுவதும் நின்றிருந்தது. பதினொரு நிமிடம் ஆகியிருக்கும்.

விபத்து என்று முன்பு எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடுங்கள். நான்தான் செய்தேன். ஆனால் நான் கொடுமைக்காரன் இல்லை மேடம், அவன் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. திறந்துவிடலாம் என்று ஒரு தடவை தாழில் கை வைத்தேன். திறந்தால் என் மேல் சாய்வான். சட்டை அன்றுதான் துவைத்துப் போட்டது.